குழந்தைப் பராமரிப்புத் தொகை விசாரணை: வரவு செலவுக் காகிதங்களைத் தயார் செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிந்து வாழும் பெற்றோருடன் உட்கார்ந்து, விசாரணைக்கு வேண்டிய காகிதங்களை அடுக்கிக் கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. தொகை கேட்கும் தரப்பும் சரி, கொடுக்க வேண்டிய தரப்பும் சரி, கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் இடத்து விதியை வழக்கறிஞரிடமோ இலவச சட்ட உதவி மையத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். எங்கும் மாறாத விஷயம் ஒன்று உண்டு: நீங்கள் சொல்லும் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு காகிதம் இருக்க வேண்டும். நீதிபதிக்கு உங்களையும் தெரியாது, உங்கள் குழந்தையையும் தெரியாது. அவர் கையில் இருப்பது நீங்கள் கொடுக்கும் காகிதக் கட்டு மட்டும்தான்.

வீட்டில் காகிதங்கள் கலந்து கிடக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

காகிதத்தில் தொடங்க வேண்டாம், படிவத்தில் தொடங்குங்கள். பெரும்பாலான நீதிமன்றங்கள் வருமானம், செலவு, சொத்து, கடன் நான்கையும் கேட்டு ஒரு படிவமோ பிரமாணப் பத்திரமோ (எழுதியது உண்மை என்று உறுதிமொழி தந்து கையெழுத்திடும் ஆவணம்) வைத்திருக்கின்றன. இந்தியாவில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். விவசாயத்தை நம்பியிருப்பவர்களுக்குத் தனிப் படிவமே உண்டு. உங்கள் நீதிமன்றத்தின் படிவம் எது என்று கேட்டு முதலில் அதைக் கையில் வாங்குங்கள்.

வாங்கியதும் பென்சிலால் நிரப்புங்கள். ஒவ்வொரு எண்ணை எழுதும்போதும் ‘இதற்குக் காகிதம் எங்கே?’ என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் ஒரு கோடு, இல்லாவிட்டால் ஒரு வட்டம். கடைசியில் வட்டங்களை எண்ணிப் பார்த்தால் அதுதான் உங்கள் வேலைப் பட்டியல். வங்கியிலும் அலுவலகத்திலும் பழைய விவரம் கேட்டால் கைக்கு வர நாளாகும், அதனால் அந்த விண்ணப்பங்களை மட்டும் இன்றே கொடுத்துவிடுங்கள்.

எத்தனை மாதக் கணக்கு வேண்டும்?

படிவம் சொல்வதைக் கொடுங்கள். அது ஒன்றும் சொல்லாவிட்டால் வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு இரண்டும் 12 மாதத்துக்கு, வருமான வரிக் கணக்கு 3 ஆண்டுக்கு இருந்தால் பெரும்பாலும் போதும். கனடாவின் விதிமுறையே கடைசி 3 ஆண்டுகளின் வரிக் கணக்கைக் கேட்கிறது. ஒரே ஒரு ஆண்டைப் பார்த்தால் அது நல்ல ஆண்டா, மோசமான ஆண்டா என்று யாருக்கும் தெரியாது. மூன்றைச் சேர்த்துப் பார்த்தால் போக்கு தெரியும்.

மூடிவிட்ட கணக்கையும் கூட்டுக் கணக்கையும் மறக்காதீர்கள். அதிகம் பயன்படுத்தாத கணக்கு என்பதால் விட்டுவிட்டேன் என்று பலர் சொல்வார்கள். அந்த விளக்கம் குறுக்கு விசாரணையில் எடுபடாது.

சம்பளச் சீட்டில் எந்த எண்ணை எழுதுவது? மொத்தச் சம்பளமா, கையில் வருவதா?

இரண்டையும். சில இடங்களில் மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவார்கள், சில இடங்களில் வரி போன்ற கட்டாயப் பிடித்தம் போக மீதியை வைத்து. எது வேண்டும் என்பதைப் படிவம் சொல்லும். நீங்கள் கவனிக்க வேண்டியது பிடித்தங்களைப் பிரிப்பது. வரியும் சட்டப்படியான ஓய்வூதியப் பிடித்தமும் ஒரு வகை. நீங்களாக விரும்பிச் சேர்க்கும் சேமிப்பு, சம்பளத்தில் பிடிக்கப்படும் சொந்தக் கடன் ஆகியவை வேறு வகை. இரண்டாவது வகையையும் கழித்துவிட்டு ‘என் கைக்கு வருவது இவ்வளவுதான்’ என்று எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிக்கும் இடம் அதுதான்.

போனஸ், ஓவர்டைம், ஊக்கத்தொகை எல்லாமே வருமானம்தான். ஒரு மாதச் சீட்டை மட்டும் காட்டினால் இவை விழாத மாதமாகப் பார்த்து எடுத்தது போலத் தோன்றும். ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அன்று வரை மொத்தம் எவ்வளவு என்று பல சீட்டுகளில் ஒரு பத்தி இருக்கும். அந்த மொத்தத்தை முடிந்த மாதங்களால் வகுத்தால் உண்மையான சராசரி கிடைக்கும். வகுத்த விதத்தையும் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

எனக்குச் சொந்தத் தொழில். மாதச் சம்பளம் கிடையாது. என்ன காட்டுவது?

தகராறு அதிகம் வருவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விற்றுமுதல் வேறு, வருமானம் வேறு. கணக்கில் எவ்வளவு பணம் விழுந்தது என்பதை வைத்து எதிர்த்தரப்பு உங்கள் வருமானத்தைப் பெரிதாகக் காட்டலாம். வரிக் கணக்கில் கடைசியாக நிற்கும் லாபத்தை வைத்து நீங்கள் அதைச் சிறிதாகக் காட்டலாம். நீதிமன்றம் தேடும் எண் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். தொழிலின் லாப நட்டக் கணக்கு, வரிக் கணக்கு, தொழில் வங்கிக் கணக்கு, சொந்த வங்கிக் கணக்கு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

வரிக்காக அனுமதிக்கப்படும் எல்லாக் கழிவும் பராமரிப்புக் கணக்கில் அப்படியே நிற்காது. தேய்மானம், அதாவது பொருள் பழசாகி மதிப்புக் குறைவதைச் செலவாக எழுதுவது, ஓர் உதாரணம். இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதிய ஆண்டில் அந்தப் பணம் உங்கள் பையிலிருந்து போகவில்லை. அதைத் திரும்ப வருமானத்தோடு கூட்டிப் பார்க்கும் வழக்கம் பல நீதிமன்றங்களில் உண்டு. கடை பெயரில் ஓடும் கார், செல்பேசிக் கட்டணம், வீட்டு வாடகையின் ஒரு பகுதி இவையும் அப்படித்தான். அவற்றில் உங்கள் சொந்தப் பயன்பாடு எவ்வளவு என்பதை நீங்களே நேர்மையாகப் பிரித்து எழுதிவிடுங்கள். மற்றவர் பிரித்தால் பங்கு எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும்.

அப்புறம் வரவுகளைப் பிரிப்பது. ஆறு மாதத்தில் உங்கள் கணக்கில் 6,00,000 விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 1,20,000 உங்களுடைய இன்னொரு கணக்கிலிருந்து மாற்றியது, 80,000 அண்ணனிடம் வாங்கிய கடன். மீதி 4,00,000 மட்டுமே தொழில் வரவு. ஆனால் ஸ்டேட்மென்டை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு 6,00,000 என்றுதான் தெரியும். ஒவ்வொரு பெரிய வரவுக்கும் பக்கத்தில் இது எங்கிருந்து வந்தது என்று ஒரு நகல் பிரதியில் குறித்துவிடுங்கள். அசலில் எதையும் எழுதக் கூடாது.

பருவத்துக்குப் பருவம் வருமானம் ஏறி இறங்கும் தொழிலாக இருந்தால் மாதவாரியாக ஓர் அட்டவணை போடுங்கள். குறைந்த மாதங்களை மட்டும் காட்டினால் முழு அட்டவணையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

எனக்கு ரொக்கமாகத்தான் கூலி வருகிறது. காகிதமே கிடையாதே?

இன்றிலிருந்து ஒரு நோட்டு போடுங்கள். தேதி, என்ன வேலை, யாரிடம், எவ்வளவு. அன்றன்றைக்கு எழுதிய நோட்டுக்கு ஒரு மதிப்பு உண்டு. விசாரணைக்கு முந்தைய இரவு ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதியது பார்த்தாலே தெரிந்துவிடும். வேலை கொடுப்பவர் ஒரு கடிதம் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். வாடகை, மின்கட்டணம், பள்ளிக் கட்டணம் ஆகியவற்றை நீங்கள் தவறாமல் கட்டிவரும் ரசீதுகளும் மறைமுகமாக உங்கள் வருமானத்தைக் காட்டும்.

எதிர்த்தரப்பு வருமானத்தை மறைக்கிறார். நான் என்ன செய்ய முடியும்?

நீங்களே துப்பறிய வேண்டியதில்லை. அவருடைய செல்பேசியைத் திறப்பது, மின்னஞ்சலுக்குள் நுழைவது, அவர் பெயருக்கு வந்த வங்கிக் கடிதத்தைப் பிரிப்பது எதுவும் வேண்டாம். பல இடங்களில் அது குற்றம், உங்கள் நம்பகத்தன்மையும் போகும். குறிப்பிட்ட ஆவணத்தைத் தாக்கல் செய்யச் சொல்லி அவருக்கோ, சம்பள விவரம் கேட்டு அவர் வேலை செய்யும் நிறுவனத்துக்கோ உத்தரவிடும்படி நீதிமன்றத்திடம் மனு கொடுக்க வழி இருக்கும். மனுவில் ‘எல்லா விவரமும் வேண்டும்’ என்று எழுதாமல் எந்த வங்கி, எந்தக் கிளை, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று எழுதினால் உத்தரவு கிடைப்பது எளிது.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் காகிதங்களையும் தேடிப் பாருங்கள். சேர்ந்து வாழ்ந்தபோது வீட்டுக் கடனுக்கோ குழந்தையின் பள்ளிச் சேர்க்கைக்கோ அவர் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் இருக்கலாம். கடன் வாங்கும்போது வருமானத்தை யாரும் குறைத்து எழுதுவதில்லை. பழைய விண்ணப்பத்தில் ஓர் எண்ணும் இப்போதைய பிரமாணப் பத்திரத்தில் அதில் பாதியும் இருந்தால், கேள்வியை நீதிபதியே கேட்பார்.

சொல்லும் வருமானத்துக்கும் வாழும் வாழ்க்கைக்கும் பொருத்தமில்லை என்றால், அவர் சம்பாதிக்கக்கூடியது இவ்வளவு என்று நீதிமன்றமே ஒரு தொகையை நிர்ணயித்துக்கொள்ளலாம். விவரம் தர மறுத்தால், அது தனக்குப் பாதகம் என்பதால்தான் தரவில்லை என்று கருதவும் செய்யலாம்.

குழந்தையின் செலவை எப்படி எழுதுவது?

கணக்கு எழுதும் பலர் பள்ளிக் கட்டணம், உணவு, மருந்து என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒரு குழந்தைக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி அந்த மூன்றுக்கு வெளியே இருக்கிறது. காலையில் எழுவதிலிருந்து இரவு தூங்கும் வரை உங்கள் குழந்தையின் ஒரு நாளை மனதில் ஓட்டிப் பாருங்கள். பள்ளிக்குப் போக வண்டி, வந்த பிறகு பார்த்துக்கொள்ள ஆள், டியூஷன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறிதாகிப் போகும் செருப்பு, கண்ணாடி, தடுப்பூசி, பல் மருத்துவர். பின்பு ஓர் ஆண்டை ஓட்டிப் பாருங்கள். புதிய வகுப்புக்குப் புத்தகம், சீருடை, தேர்வுக் கட்டணம், விடுமுறையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் கூடுதல் செலவு எல்லாம் வரும்.

ஆண்டுக்கு ஒருமுறை வருவதை 12 ஆல் வகுத்து மாதக் கணக்கில் சேருங்கள். ஆண்டுக் கட்டணம் 24,000 என்றால் மாதத்துக்கு 2,000. விசாரணை நடக்கும் மாதத்தில் அது வரவில்லை என்பதற்காக விட்டுவிட்டால் ஆண்டு முழுக்க அந்தச் சுமை உங்கள் தலையில்தான்.

வாடகையும் மின்கட்டணமும் வீட்டுக்கே பொது. அதில் குழந்தையின் பங்கு என்று ஒரு பகுதியை எழுதலாம், ஆனால் எப்படிப் பிரித்தீர்கள் என்று சொல்லுங்கள். மூன்று பேர் இருக்கும் வீட்டில் மூன்றில் ஒரு பங்கு என்றால் யாருக்கும் புரியும்.

எல்லா வரியிலும் 1,000, 2,000, 5,000 என்று முழு எண்ணாகவே இருந்தால் அது யோசித்து எழுதியது போல இருக்கும், பார்த்து எழுதியது போல இருக்காது. ரசீதில் 1,840 என்றால் 1,840 என்றே எழுதுங்கள். உங்கள் சொந்தச் செலவைக் குழந்தையின் பெயரில் நுழைக்காதீர்கள். ஒரு வரி பொய் என்று தெரிந்துவிட்டால், குழந்தைக்கு உண்மையாகவே தேவைப்படும் மற்ற இருபது வரிகளும் அதோடு சேர்ந்து அடிபடும். அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். நஷ்டம் குழந்தைக்குத்தான்.

நீண்ட நாள் சிகிச்சையோ சிறப்புப் பயிற்சியோ தேவைப்படும் குழந்தையாக இருந்தால் அதைத் தனிப் பக்கமாக, மருத்துவரின் கடிதத்தோடு வையுங்கள். பல நாடுகளில் இது வழக்கமான மாதத் தொகைக்கு மேல் தனியாகக் கேட்கக்கூடியது.

ரசீது தொலைந்துவிட்டது. அந்தச் செலவை விட்டுவிட வேண்டியதுதானா?

இல்லை. வங்கி வழியாகக் கட்டியிருந்தால் ஸ்டேட்மென்டில் அந்த வரி இருக்கும். பள்ளி அலுவலகத்திலும் மருந்தகத்திலும் கேட்டால் நகல் கிடைக்கலாம். எதுவுமே கிடைக்காவிட்டால் ‘மதிப்பீடு’ என்று எழுதி, எந்த அடிப்படையில் மதிப்பிட்டீர்கள் என்று ஒரு வரி சேருங்கள்.

நான் இதுவரை ரொக்கமாகக் கொடுத்து வந்தேன். வாங்கவே இல்லை என்கிறார் அவர். எப்படி நிரூபிப்பது?

இந்தக் கேள்வியோடு வரும் அப்பாக்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். கொடுத்திருப்பார்கள், சான்று இருக்காது. ஒவ்வொரு மாதமும் அதே தேதியை ஒட்டி உங்கள் கணக்கிலிருந்து அதே தொகையை எடுத்திருந்தால் அந்த வரிகளை எல்லாம் குறித்து வையுங்கள். ‘பணம் கிடைத்தது’ என்று வந்த செய்தி ஒன்றிரண்டு இருந்தாலும் உதவும். இவை முழுச் சான்று ஆகாவிட்டாலும் ஒரு வழக்கத்தைக் காட்டும்.

இனிமேல் வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். குறிப்பில் குழந்தைப் பராமரிப்பு என்றும் எந்த மாதத்துக்கு என்றும் எழுதுங்கள். நீங்கள் வாங்கிக் கொடுத்த சைக்கிளையும் துணியையும் பராமரிப்புத் தொகையில் கழித்துக்கொள்ள முடியும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அவை பரிசாகத்தான் பார்க்கப்படும்.

எனக்குக் கடன் நிறைய இருக்கிறது. தவணை போக மீதிதானே வருமானம்?

பொதுவாக அப்படிப் பார்ப்பதில்லை. குழந்தையின் தேவை முதலில், நீங்களாக வாங்கிய கடன் பிறகு என்ற பார்வைதான் அதிகம். கடனை மறைக்கவும் வேண்டாம். கடன் ஒப்பந்தம், மீதித் தொகை, மாதத் தவணை மூன்றையும் வையுங்கள். குடும்பத்துக்காக வாங்கிய கடன் என்றால், எதற்குச் செலவானது என்ற காகிதம் அதன் கூடவே இருக்கட்டும். வழக்கு தொடங்கிய பிறகு புதிதாகக் கடன் வாங்கினால் ஏன் என்ற கேள்வி நிச்சயம் வரும்.

வேலை போய்விட்டது. இப்போது வருமானமே இல்லை.

வேலை எப்படிப் போனது என்பதுதான் முக்கியம். நிறுவனம் அனுப்பியிருந்தால் அந்தக் கடிதம், கடைசிக் கணக்கு முடித்த விவரம், அதன் பிறகு நீங்கள் விண்ணப்பித்த வேலைகளின் பட்டியல், வந்த பதில்கள். தேடுகிறேன் என்று வாயால் சொல்வதைவிடத் தேதி போட்ட விண்ணப்பங்கள் பேசும். உடல்நிலை காரணம் என்றால் என்ன வேலை செய்ய முடியாது, எவ்வளவு காலத்துக்கு என்று மருத்துவர் தெளிவாக எழுதித் தர வேண்டும். வழக்கு வந்ததும் தானாக வேலையை விட்டவருக்கு, அவர் முன்பு சம்பாதித்ததை வைத்தே நீதிமன்றம் தொகையை நிர்ணயிக்கலாம்.

என் பெற்றோர் எனக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறார்கள். அதைச் சொன்னால் எனக்குக் குறைத்துவிடுவார்களோ?

பயம் புரிகிறது. ஆனாலும் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அது எப்படியும் ஸ்டேட்மென்டில் தெரியும். தாத்தா பாட்டி கைகொடுப்பது அப்பாவின் அல்லது அம்மாவின் கடமையைத் தீர்த்துவிடாது. அது உதவி, எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம், அல்லது திருப்பித் தர வேண்டிய கடன் என்பதை உங்கள் பெற்றோரே ஒரு கடிதத்தில் எழுதித் தரலாம். எதற்காக அந்த உதவி தேவைப்பட்டது என்று காட்டினால், குழந்தையின் செலவை உங்கள் வருமானம் மட்டும் தாங்கவில்லை என்பதும் விளங்கும்.

ஸ்டேட்மென்டில் சங்கடமான செலவுகள் இருக்கின்றன. அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாமா?

கூடாது. பக்க எண் தாவும், மீதித் தொகை அடுத்த பக்கத்தோடு ஒட்டாது. அந்த ஒரு பக்கத்தைப் பற்றியே பேசி விசாரணை நாள் முடிந்துவிடும். கணக்கு எண்ணின் சில இலக்கங்கள், குழந்தையின் அடையாள எண் போன்றவற்றை மறைக்க விதி அனுமதித்தால் மட்டும் நகலில் மறையுங்கள்.

வாட்ஸ்அப் செய்திகள் செல்லுமா?

பணம் பற்றிய செய்திகள் பயன்படும். தேதியும் செல்பேசி எண்ணும் தெரியும்படி, முன்னும் பின்னும் வந்த செய்திகளோடு எடுங்கள். நடுவில் ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்தால் மீதியை எதிர்த்தரப்பு கொண்டுவரும். மின்னணுச் சான்றுக்குத் தனிச் சான்றிதழ் கேட்கும் நாடுகளும் உண்டு, இந்தியாவும் அதில் ஒன்று. அசல் செய்திகள் இருக்கும் செல்பேசியை வழக்கு முடியும்வரை மாற்றாமல் வைத்திருங்கள்.

அவர் வெளிநாட்டில் வேலை செய்கிறார். அங்கிருந்து வாங்க முடியுமா?

முடியும், ஆனால் காகித வேலை கூடும். பெற்றோர் வெளிநாட்டில் இருந்தாலும் பராமரிப்புத் தொகையைப் பெற்றுத் தர அரசுகள் வழி செய்ய வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை தன் 27ஆவது பிரிவில் சொல்கிறது. இதற்கென்றே 2007இல் ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தமும் உருவானது. இரண்டு நாடுகளும் அதில் இருந்தால் அந்தந்த நாட்டு மைய அமைப்பு வழியாக விண்ணப்பிக்கலாம். வேறு நாட்டுப் பணத்தில் இருக்கும் சம்பளத்தை மாற்றி எழுதும்போது எந்தத் தேதியின் மாற்று விகிதம், எங்கிருந்து எடுத்தது என்று குறியுங்கள். மொழிபெயர்ப்பு வேண்டிய காகிதத்தை நீதிமன்றம் ஏற்கும் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள்.

எல்லாம் சேர்ந்துவிட்டது. எப்படி அடுக்குவது?

படிவத்தின் வரிசையில் அடுக்குங்கள். வருமானம், குழந்தை செலவு, உங்கள் செலவு, சொத்து, கடன். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை தொடர் எண் போடுங்கள். படிவத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ‘பக்கம் 34’ என்பது போலக் குறியுங்கள். மேலே ஒரே பக்கத்தில் சுருக்கம். எல்லாவற்றிலும் மூன்று நகல்: நீதிமன்றத்துக்கு ஒன்று, எதிர்த்தரப்புக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. அசல் தனி உறையில் இருக்கட்டும்.

பிறகு வழக்கைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு நண்பரிடம் கட்டைக் கொடுத்து, ‘என் மாத வருமானம் எவ்வளவு, குழந்தைக்கு எவ்வளவு ஆகிறது?’ என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் அவரால் சொல்ல முடியாவிட்டால் இன்னும் வேலை இருக்கிறது.

விசாரணையில் கேட்கும் எண் ஞாபகம் வராவிட்டால்?

‘பக்கத்தைப் பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லுங்கள். அது தப்பில்லை. ஊகித்து ஓர் எண்ணைச் சொல்லி, அது பிரமாணப் பத்திரத்தோடு மோதினால்தான் சிக்கல். தாக்கல் செய்த பிறகு தவறு கண்ணில் பட்டால், எதிர்த்தரப்பு கண்டுபிடிக்கும் வரை காத்திருக்காமல் திருத்த மனு போட முடியுமா என்று உடனே வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

உத்தரவு வந்துவிட்டது. இனி இந்தக் காகிதமெல்லாம் வேண்டாமே?

வேண்டும். குழந்தை வளரும், கட்டணம் ஏறும், வேலை மாறும். தொகையை மாற்றச் சொல்லிக் கேட்க நேரும்போது, அன்று நிலைமை எப்படி இருந்தது, இன்று என்ன மாறியது என்று காட்டத்தான் வேண்டியிருக்கும். அதற்கு இந்தக் கட்டுதான் அடிப்படை. உத்தரவின் சான்றிட்ட நகலை மேலே வைத்து, வரும் ஒவ்வொரு தொகையையும் தேதியோடு ஒரு தாளில் குறித்து அதன் அடியில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். வராத மாதத்தையும் குறியுங்கள். பாக்கி கேட்டு மனு போடும்போது முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்.